பெரு அக்கா

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதியில், நீள மேசைகளுக்கு நடுவே, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் மூன்று பேரை எதிரில் நடக்கவிட்டு, அவர்களுக்கு முகத்தைக் காட்டியபடி பின்னோக்கி நடந்தார். வலது கையில் ஒரு மர ஸ்கேலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் வெட்டுத்துணி போடும் சக்கரத் தொட்டி ஒன்று நின்றது. அது எங்களுக்கெல்லாம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. யாராவது சொல்வதற்குள் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வெளியே. பேச்சு மட்டும் நிற்கவில்லை. தோள்பட்டைத் தையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைத் தொட்டிக்குள் இருந்தபடியே முடித்தார். ஸ்கேல் அப்போதும் மேலேதான் இருந்தது. பிறகுதான் இன்னொரு கையை நீட்டித் தூக்கிவிடச் சொன்னார்.

செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பையர் தரப்பிலிருந்து தரம் பார்க்க ஆள் வருகிறது என்றால் திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் ஒரு நடுக்கம் இருக்கும். அவர் தலையை ஆட்டினால்தான் சரக்கு பெட்டிக்குள் போகும். தொட்டிக்குள் விழுந்து எழுந்தவரிடம் அந்த நடுக்கம் யாருக்கும் மிஞ்சவில்லை.

அவர் தென்னமெரிக்காவில் பெரு நாட்டைச் சேர்ந்தவர். மலைமேல் இருக்கும் குஸ்கோ என்ற பழைய நகரம் அவர் ஊர். கொரோனா அடங்கிய சமயத்தில் வேலைக்காக இங்கே வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். நான் அந்தக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். என் மேசைக்குப் பக்கத்து மேசையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவருடைய பெயர் செக்கிங் பெண்கள் வாயில் நுழையவில்லை. ஒரு வாரம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டு, பெரு அக்கா என்று வைத்துவிட்டார்கள். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். அந்தப் பெயரின் அர்த்தம் தெரிந்த நாளில் அவர் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கே போனாலும் அவரால் சும்மா கூடவே நடந்து வர முடியாது. அழைத்துப் போவார். அதுதான் அவர் சுபாவம். பேக்கிங் பகுதிக்கு இரண்டு பேர் சேர்ந்து போனாலும் அவர் முன்னால் போய்த் திரும்பிக்கொண்டு, வழியில் இருக்கிற இஸ்திரி மேசையையும் கொதிகலன் குழாயையும் காட்டி ஏதாவது சொல்லுவார். மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போனால், ரோட்டைத் தாண்டியதும் நின்று எல்லோரும் வந்துவிட்டோமா என்று பார்ப்பார். பத்து வருடமாக அந்த ரோட்டைத் தாண்டுகிற எங்களைப் பார்ப்பார்.

தமிழை அவர் செக்கிங் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டார். அதில் பாதிப் பேர் எங்கள் கொங்குப் பக்கம், பாதிப் பேர் பிழைப்புக்கு வந்த தெக்கத்திப் பெண்கள். அதனால் அவர் தமிழில் இரண்டும் கலந்திருந்தது. "அங்கிட்டுப் பாருங்க" என்பார். "ஏனுங்க, சோலி முடிஞ்சுதுங்களா?" என்பார். எங்கள் முதலாளியே ஒரு முறை அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

தேநீர் நேரம் என்பது எங்களுக்குக் கால் மணி. அந்தக் கால் மணியில் அவர் தன் நாட்டை முழுக்கச் சுற்றிக் காட்டிவிடுவார். துணி ரோல்களை நிமிர்த்தி வைத்தால் மலை. வெள்ளைத் துணியைக் கீழே விரித்தால் கடலோரப் பாலைவனம். பச்சை நிற ரோலை உருட்டிவிட்டால் அது அமேசான் காடு. ஒரே நாட்டில் மணலும் பனியும் காடும் இருப்பதை அவர் இப்படித்தான் காட்டினார். மணலில் யாரோ என்றோ கீறிவைத்த குரங்கும் சிலந்தியும் விமானத்தில் ஏறிப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் என்று சொல்லி, செக்கிங் மேசைமேல் ஏறி நின்று காட்டினார். மச்சுபிச்சு என்னும் மலையூரை விடிகாலையில் பார்க்கப் போனால் முதலில் வெறும் மூடுபனிதான் தெரியுமாம். வந்தவர்கள் ஏமாந்துபோய் கைடின் முகத்தைப் பார்ப்பார்களாம். அப்போது பதற்றப்படாமல் கதை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், சொல்லச் சொல்லப் பனி விலகி ஒரு ஊரே எதிரில் வந்து நிற்கும் என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். டீ டம்ளரை வைத்துக்கொண்டு நாங்கள் அந்தப் பனி விலகுவதற்காக நின்றோம்.

பெண்களுக்கு மிகவும் பிடித்தது டிட்டிகாக்கா ஏரிக் கதை. மலை உச்சியில் கடல் போல ஒரு ஏரி. அதில் ஒரு தீவில் ஆண்கள்தான் பின்னல் வேலை செய்வார்கள், நடக்கும்போதும் கையில் ஊசியும் நூலும் இருக்கும், தங்கள் தொப்பியைத் தாங்களே பின்னிக்கொள்வார்கள் என்றார். தலைமுழுக்கச் சிவப்பாக இருந்தால் கல்யாணம் ஆனவன், மேல் பாதி வெள்ளையாக இருந்தால் ஆகாதவன்.

மரியசெல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செக்கிங்கில் மூத்தவள். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏக்கா, தொப்பியப் பாத்தே தெரிஞ்சிருமா? அப்ப நம்ம கட்டிங் மாஸ்டருக்கு முதல்ல ஒண்ணு பின்னிக் குடுங்க" என்றாள்.

கட்டிங் மாஸ்டர் அந்தப் பக்கம் வருவதையே ஒரு மாதம் நிறுத்திக்கொண்டார்.

அவர் எதனால் இப்படி என்பதை நான் தெரிந்துகொண்டது அவினாசிக் கோயிலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். நான் சேவூர்க்காரி. அவினாசி எனக்குப் பக்கத்து ஊர். சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கும் கோயில். நான் காட்டுகிறேன் என்று பெருமையாக அழைத்துப் போனேன். ஆனால் அவர் அதற்கு முன்பே இரண்டு முறை தனியாக வந்துபோயிருக்கிறார் என்பது கோபுர வாசலில்தான் தெரிந்தது. பூ விற்கும் அம்மா அவரை நலம் விசாரித்தார். உள்ளே நுழைந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எனக்கு முன்னால் போய்த் திரும்பிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் பாருங்க. ஒரு பையன முதல முழுங்கிருச்சுங்க. வருசம் பல ஆச்சுங்க. அப்பறம் ஒரு சாமியார் வந்து பாடுனாருங்க. முதல பையனத் திருப்பிக் குடுத்துருச்சுங்க. சின்னப் பையனா இல்லீங்க, வளந்த பையனா."

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய வந்திருந்த யாத்திரைக்காரர்கள் அந்த நேரத்தில் உள்ளே வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி தமிழில் தலபுராணம் சொல்கிறாள் என்று முதலில் நான்கு பேர் நின்றார்கள், பிறகு பேருந்தே நின்றது. அவர் மாநிறம்தான். ஆனால் வெளிநாட்டுக்காரி என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் வெள்ளைக்காரிதான். கூட்டம் கூடக் கூட அவருக்குக் குரல் ஏறியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னோக்கி நடந்தபடியே அவர்களைப் பிரகாரம் முழுக்க அழைத்துப் போனார். தூணில் இருந்த சிற்பங்களைக் காட்டினார். ஒரு பாட்டி, முதலை வயிற்றுக்குள் இருந்த அத்தனை வருடமும் பையனுக்கு யார் சோறு போட்டது என்று கேட்டார்.

"அதத்தானுங்க நானும் பூக்கார அக்காகிட்டக் கேட்டேன். சாமி பாத்துக்கிட்டாருன்னு சொன்னாங்க" என்றார் இவர்.

அந்தப் பாட்டி சிரித்து, இவர் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். கடைசியில் வெளிப்பிரகாரத்தில் கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் இடையில் புகுந்து அதை உண்டியலில் போடச் சொன்னேன்.

  திரும்பும் பேருந்தில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஜவுளிப் படிப்பு அவர் அப்பா சொல்லிப் படித்தது. பிடித்துச் செய்தது கைடு வேலை. சிவப்பு ரிப்பன் கட்டிய குடையைத் தூக்கிக்கொண்டு குஸ்கோவின் தெருக்களில் உலகத்து மனிதர்களையெல்லாம் அழைத்துப் போயிருக்கிறார். சாந்து வைக்காமல் கல்லோடு கல் இழைத்துக் கட்டிய பழைய சுவர்களில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது என்று தினமும் யாரையாவது செருகிப் பார்க்கச் சொல்லுவார். ஜூன் மாதத்தில் சூரியனுக்கு நடக்கும் திருவிழாவில் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது, ரயில் நின்றது. ஊரே யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கி, வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தட்டு ஊற்றிக்கொண்டார்கள். அடுத்தவர் வந்தால்தான் நமக்குச் சோறு என்கிற வேலைக்கு இனிப் போவதில்லை என்று அந்த வரிசையில் நின்றபோதே முடிவெடுத்ததாகச் சொன்னார். ஜவுளிச் சான்றிதழைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். அது அவரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது அங்கே சுற்றுலாக்காரர்கள் திரும்ப வந்துவிட்டார்களே என்று கேட்டேன். வந்துவிட்டார்கள் என்றார். அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன அலுவலகம் தொடங்கியிருக்கிறார்கள். இவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவர் பதில் போடவில்லை. பதில் போடவில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் நான் எழுந்துகொள்ளச் சொன்னேன் என்று நினைவு. 

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது அதற்கும் முந்தி. அப்பா அன்றைக்கு அவரோடு சண்டை போட்டுவிட்டார்.

சேவூர் என்றால் கடலைக்காய். அப்பாவுக்கு அதைவிட்டால் வேறு பேச்சு கிடையாது. சேவூர்ச் சந்தைக்கு எங்கிருந்தெல்லாம் வியாபாரிகள் கடலைக்காய் எடுக்க வருகிறார்கள் என்பதை அவர் முதல் முறை விருந்தாக வருகிற எந்த ஒறம்பரைக்கும் சொல்லாமல் விடமாட்டார். அம்மா பச்சைக் கடலைக்காயை உப்புப் போட்டு வேகவைத்து ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தார். அக்கா அதை உரித்துத் தின்ற வேகத்தைப் பார்த்து அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ருசி எப்படி என்று கேட்டார்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க. இது எங்க பக்கத்துல இருந்து வந்ததுங்க" என்றார் அக்கா.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, என்ற பாட்டன் காலத்துல இருந்து இந்தக் காட்டுல கடலக்கா போடறோம். உங்க ஊர்ல இருந்து யாரு கொண்டாந்து குடுத்தாங்க எங்களுக்கு?"

நான் கண்ணைக் காட்டினேன். அக்கா கவனிக்கவில்லை. உற்சாகமாக மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாமே கடல் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பாவுக்கு முகம் கறுத்தது. ரசத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் வெளியே போய்விட்டார்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவர் காட்டியது ஒரு படம். பெருவின் வடக்குக் கரையோரத்தில் பழைய ராஜா ஒருவரின் சமாதியைத் தோண்டியபோது கிடைத்த மாலை, இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாலை முழுக்கக் கடலைக்காய். பாதி தங்கம், பாதி வெள்ளி. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

"தோல்ல இருக்கற நரம்பக்கூட விடாமச் செஞ்சிருக்கான்" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "ராசா கழுத்துல கடலக்கா மாலை. பாத்துக்க. நாம இத்தன தலமொறையாப் போடறோம், ஒருத்தனும் இதுல ஒரு கம்மல்கூடச் செய்யல."

அன்று கிளம்பும்போது அக்காவிடம் அவர் சமாதானத்துக்கு வந்தார். வந்தது அங்கிருந்தே இருக்கட்டும், ருசி சேவூரில் வந்ததுதான் என்றார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கலாமுங்க என்று ஒப்புக்கொண்டார். அடுத்த சந்தை நாளில் அப்பா அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு போய், தராசுக்காரரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வருடக் கடைசியில் பையர் தரப்பிலிருந்து அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. திருப்பூரிலேயே நிரந்தரமாக இருந்து, இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் தரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய வேலை. பதில் சொல்ல ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் அவர் ஒப்புக்கொள்வார் என்றே நினைத்தோம். நான்தான் அதிகம் நினைத்தேன். பக்கத்து மேசை காலியாவதைப் பற்றி எனக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் எங்கள் கடலைக்காய்க் காட்டில் சமைக்க வேண்டும் என்று கேட்டார். குஸ்கோ பக்கத்தில் அறுவடை முடிந்ததும் உழுத நிலத்திலேயே சமைத்துச் சாப்பிடுவார்களாம். காய்ந்த மண்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குடிசைபோல் ஒரு சின்ன அடுப்புக் கட்டி, உள்ளே நெருப்பைப் போட்டு, கட்டிகள் சிவக்கும்வரை எரிய விடுவார்கள். பிறகு உருளைக்கிழங்கை உள்ளே கொட்டி, அடுப்பை அப்படியே அதன்மேல் இடித்துத் தள்ளி மண்ணால் மூடிவிடுவார்கள். அதற்கு வாத்தியா என்று பெயர்.

அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வாய்க்குப் போகிற சாப்பாட்டை மண்ணில் போட்டு மூடுவதா என்றார்.

"மண்ணுல இருந்துதானுங்கம்மா வந்துச்சு கெழங்கு. ஒருக்கா அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வரட்டுங்க" என்றார் அக்கா.

அம்மா சிரித்துவிட்டார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

கடலைக்காய் பிடுங்கி முடித்த காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்கிங் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். குழந்தைகளையும் கூட்டிவந்திருந்தார்கள். சாக்கு நிறைய உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் வந்திருந்தன. அக்கா தலையில் தன் ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தார். முதலில் தரையில் ஒரு சின்னக் குழி எடுத்து, அதில் ஒரு பிடி கடலைக்காயும் கொஞ்சம் இளநீரும் விட்டு, பச்சமாமாவுக்கு என்றார். பூமித்தாயை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்களாம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மான்னு சொல்லுதீங்க, அப்புறம் மாமாங்கீங்க. பச்சை மாமா எப்படிக்கா அம்மா ஆவாரு?" என்றாள் மரியசெல்வி. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆனால் அம்மா தானாகவே வந்து அந்தக் குழிக்கு முன்னால் குனிந்து தொட்டுக் கும்பிட்டார்.

பிறகு அடுப்பு. எங்கள் காடு செம்மண். கட்டிகளைப் பொறுக்கி அடுக்கினோம். இடுப்பு உயரம் வந்தபோது சரிந்தது. மறுபடி அடுக்கினோம். நெருப்பு வைத்ததும் கட்டிகள் ஒவ்வொன்றாகப் பொடிந்து உள்ளே கொட்டின. மூன்றாவது முறை வாசல் வைக்கும்போதே விழுந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். அக்கா முகமெல்லாம் சிவப்பு மண்ணோடு அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேரைக் கூட்டிவந்து வெறுமனே நிறுத்திவிட்டேனே என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. வேனை அனுப்பி ஓட்டலில் சாப்பாடு வாங்கிவரலாம் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

அப்பா இதையெல்லாம் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து ஒரு கட்டியைக் கையில் எடுத்து நசுக்கினார். அது மாவாக உதிர்ந்தது. போய் டிராக்டரை எடுத்தார். அந்தக் கோடையில் குளத்தில் அள்ளிய வண்டல் மண் தென்னைமரங்களுக்குப் போடுவதற்காகக் காட்டின் மறுகோடியில் கொட்டிக் கிடந்தது. வெயிலில் காய்ந்து கல்லாக இறுகிய கறுப்புக் கட்டிகள். ஒரு டிரெய்லர் நிறையக் கொண்டுவந்து கொட்டினார்.

"இதுல கட்டிப் பாருங்க அம்மிணி" என்றார்.

அக்கா ஒரு கட்டியை எடுத்து இன்னொன்றில் தட்டிப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

இந்த முறை அப்பாவும் சேர்ந்து அடுக்கினார். அடுப்பு நின்றது. தென்னமட்டையும் கடலைக்கொடியும் போட்டு எரித்தோம். கறுப்புக் கட்டிகள் மெல்ல மெல்லச் சிவந்து, பிறகு உள்ளேயிருந்து ஒளிவிடுவதுபோல் ஆயின. கிழங்கைக் கொட்டினோம். அக்கா எங்கள் கையில் ஆளுக்கு ஒரு தடியைக் கொடுத்து இடிக்கச் சொன்னார். வாரம் ஆறு நாளும் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிற பெண்கள் அந்த அடுப்பை இடித்த வேகம் இருக்கிறதே, அப்பா இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருக்கிற நேரத்தில் அவர் சும்மா இருப்பாரா? வரப்பில் எங்களை உட்காரவைத்து ஒரு பாலத்தைப் பற்றிச் சொன்னார். மலைகளுக்கு நடுவே ஆழத்தில் ஆறு ஓடுகிறது. அதன்மேல் வெறும் புல்லைத் திரித்த கயிற்றில் ஒரு தொங்கு பாலம். வருடா வருடம் அக்கம்பக்கத்து ஊர்கள் கூடிப் பழைய பாலத்தை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பங்குக் கயிற்றைத் திரித்துக்கொண்டு வர வேண்டும். முடிந்ததும் ஆட்டமும் பாட்டமும் சாப்பாடும். நூற்றாண்டுகளாக அது நடக்கிறது. பக்கத்திலேயே இப்போது இரும்புப் பாலமும் வந்துவிட்டது.

"இரும்புப் பாலந்தான் இருக்குல்லா? பின்ன எதுக்குக்கா இது?" என்று கேட்டாள் மரியசெல்வி.

"அது வண்டிக்குங்க. இது ஊருக்குங்க."

"ஒரு வீட்டுக்காரங்க கயிறு கொண்டு வரலைன்னா?"

"தேடிட்டு வருவாங்க. ஏன் வரலைன்னு கேப்பாங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

மரியசெல்வி மேலும் கதைக்காகக் காத்திருந்தாள். அக்கா மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வெந்திருக்கும் என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்தார்.

மண்ணைக் கிளறியதும் எழுந்த வாசனையை எழுத எனக்குத் தெரியவில்லை. முதல் மழை விழுந்த மண்ணும் சுட்ட கிழங்கும் சேர்ந்த ஒரு வாசனை. தோல் கருகி, உள்ளே மாவாக வெந்திருந்தன. அம்மா அம்மியில் கடலைக்காய், பச்சைமிளகாய், புதினா, கொத்தமல்லி வைத்து அரைத்துத் தந்திருந்தார். அக்கா சொல்லிய பக்குவம். அவர்கள் ஊரிலும் இதே மாதிரிக் கல்லில்தான் அரைப்பார்களாம். அதைத் தொட்டுக்கொண்டு, விரல் சுட, மண்ணை ஊதி ஊதித் தின்றோம். மண்ணில் மூடுவதா என்று கேட்ட அம்மா மூன்றாவது கிழங்குக்குக் கையை நீட்டியபோது அப்பா பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் திங்கட்கிழமை அக்கா தன் முடிவைச் சொன்னார். அந்தப் பெரிய வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஊருக்குப் போகிறார். எனக்குக் கோபம் வந்தது. கைடு வேலை மறுபடியும் நின்றுபோனால் என்ன செய்வீர்கள், மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. தமிழில் பதில் சொன்னார்.

"நின்னாலும் எங்க ஆளுங்களோட நிக்கிறேனுங்க. அவங்க ரெண்டு வருசமா ஏன் வரலைன்னு கேட்டுட்டே இருக்காங்க. நான் போகோணும், கண்ணு."

அவர் என்னைக் கண்ணு என்று சொன்னது அந்த ஒரு முறைதான். என்னைவிட இரண்டு வயது இளையவர் அவர்.

கோவை விமான நிலையத்துக்கு நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். உள்ளே போகும் வரிசையில் நின்றபோது அவர் முன்னால் பார்த்து நடக்கவே இல்லை. எங்களைப் பார்த்துக் கையசைத்தபடி பின்பக்கமாகவே போய், பாதுகாப்புக்காரர் மேல் மோதி, மன்னிப்புக் கேட்டு, மறைந்துபோனார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை படங்கள் அனுப்புவார். குடை, கூட்டம், மலை. சில மாதங்கள் வேலை குறைவு என்று எழுதுவார். சில மாதங்களில் எழுதவே நேரம் இருக்காது. இந்த வருடம் ஒரு நாள் ராத்திரி எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பல்லடம் ரோட்டில் கம்பெனி வைத்திருக்கும் ஒருவரின் மனைவி. கூட்டத்தோடு பெருவுக்குச் சுற்றுலா போயிருக்கிறார்கள். குஸ்கோவில் நின்று பேசுவதாகச் சொன்னார். அவர்களுடைய கைடு கொங்குத் தமிழ் பேசுகிறாள் என்றும், அவள்தான் என் எண்ணைக் கொடுத்தாள் என்றும், யாராவது இதை நம்ப வேண்டுமே என்றுதான் உடனே கூப்பிட்டதாகவும் சொன்னார். பின்னணியில் அக்காவின் குரல் யாரையோ இந்தப் பக்கம் வரச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பேச வேண்டும் என்று சொல்வதற்குள் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"ஏனுங்க, அங்க மலை மேல நின்னுட்டு அந்தப் பொண்ணு நம்ம அவினாசிக் கோயிலப் பத்திச் சொல்லுதுங்க. நானு கண்ணாலம் ஆயி வந்ததுல இருந்து அந்த வழியாத்தான் காருல போறேன், வாறேன். ஒரு நாளு எறங்கி நின்னு பாத்ததில்லீங்க. நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். அவரும் கணவரும் மட்டும் வருவார்கள் என்று நினைத்தேன். இரண்டு கார் நிறைய வந்து இறங்கினார்கள். மாமியார், மருமகள், பேரக்குழந்தைகள், கூடவே பெருவுக்குப் போன இன்னொரு குடும்பம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் கோபுரத்துக்கு முன்னால் கூடி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.